கடைசிப் பந்தியில் உட்கார்ந்து பாருங்கள்

போன வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"மண்டபம் கிடைச்சிடுச்சு சார். அட்வான்ஸும் கட்டியாச்சு. ஏசி இருக்கு, லிஃப்ட் இருக்கு, கார் நிறுத்த இடம் தாராளம். ஒரே ஒரு விஷயம்தான். சமையல் மட்டும் அவங்க சொல்ற ஆள்கிட்டதான் கொடுக்கணுமாம்."

ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று பட்டியல்கள். வெள்ளியில் பதினெட்டு அயிட்டம், வைரத்தில் முப்பத்திரண்டு. "நீங்க ரெண்டு பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணினவர். எதை எடுக்கலாம், இலைக்கு எவ்வளவு குறைச்சுக் கேக்கலாம், சொல்லுங்க" என்றார்.

காபி ஆறும்வரை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்ட இரண்டு கேள்வியுமே தவறு என்பது என் எண்ணம். அதே இரண்டு கேள்வியை 2009-ல் நானும் கேட்டு, பணத்தையும் விட்டு, மானத்தையும் கொஞ்சம் விட்டவன். அவரிடம் அன்று சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். நம் வயதுக்காரர்கள் இனி பேத்தி கல்யாணத்துக்குப் பேச்சு நடத்தும்போது உதவலாம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1978-ல் என் அக்கா கல்யாணம். சத்திரம் என்றால் அன்றைக்கு நாலு சுவரும் ஒரு கிணறும் கோட்டை அடுப்பும்தான். சமையல்காரர் ஒரு மாதம் முன்பே வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, எத்தனை பேர் என்று கேட்டு, மளிகை லிஸ்ட் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். துவரம் பருப்பு இத்தனை கிலோ, நெய் இத்தனை டின், கடுகு முதல் கற்பூரம் வரை. காய்கறிக்கு அப்பாவும் நானும் விடியற்காலையில் கொத்தவால்சாவடி போனோம். (கோயம்பேடு மார்க்கெட் வந்தது 1996-ல்தானே.) வாங்கியதெல்லாம் உக்கிராண அறையில் அடுக்கப்பட்டது. அதன் சாவி பெரிய மாமாவின் இடுப்பில். சமையல்காரர் நெய் கேட்டு வந்தால், "எதுக்கு? எவ்வளவு?" என்று கேட்காமல் மாமா கதவைத் திறந்ததில்லை. மிச்சமானால் நமக்கு, வீணானால் நமக்கு. சமையல்காரருக்குக் கூலி மட்டும்.

இப்போது அந்த அறை காண்ட்ராக்டரிடம் போய்விட்டது. பருப்பு எவ்வளவு போட்டார், பால் எத்தனை லிட்டர் வந்தது, நமக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை, இலைக்கு இத்தனை ரூபாய் என்று பேசிவிட்டோமே. ஆனால் சாவியைக் கொடுத்தவர்கள் கணக்கையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். அங்கேதான் பணம் போகிறது.

2009-ல் என் மூத்த பெண் கல்யாணம். மண்டபத்தோடு சேர்ந்த சமையல்காரர்தான். நான் சாமர்த்தியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு இலைக்கு 165 கேட்டவரை 150-க்குக் கொண்டு வந்தேன். 500 இலை உறுதி. வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொல்லவும் சொன்னேன்.

முகூர்த்தம் முடிந்து முதல் மூன்று பந்தியும் நன்றாகத்தான் போயின. சம்பந்தி வீட்டார் பாராட்டினார்கள். கடைசிப் பந்தியில் நாதஸ்வரக்காரர்கள், போட்டோ எடுத்தவர்கள், வேன் டிரைவர், என் அக்கா. அக்கா அன்று விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தவள். இலையில் பொரியல் இல்லை. பாயசம் தீர்ந்துவிட்டது. சாம்பார் என்று வந்தது பருப்புக் கழுவிய தண்ணீர். அப்பளம் நொறுங்கியது நாலு துண்டு. அக்கா மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. தவில்காரர் பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "பரவாயில்லீங்க, கல்யாண வீடுன்னா அப்படித்தான்" என்றார். அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மாலை பில் வந்தது. 612 இலை.

நான் ஒன்றும் பேசவில்லை. பெண்ணை அனுப்பி வைக்கிற நேரம். மாப்பிள்ளை வீட்டார் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்ணின் அப்பா சமையல்காரரோடு இலைக் கணக்குக்குச் சத்தம் போடுவதா? எண்ணிக் கொடுத்துவிட்டேன். மூன்று நாள் கழித்து இரவில் தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் 120 பேர் உட்காரலாம். நாலு பந்தி நிறைந்திருந்தால் 480. ஐந்தாவதில் முப்பது பேருக்கு மேல் இல்லை. ஆக 510. மீதி 102 இலையில் யார் சாப்பிட்டார்கள்? இலைக்கு 150 வீதம் 15,300 ரூபாய். நான் பேரம் பேசிக் குறைத்தது 15 ரூபாய் வீதம் 500 இலைக்கு 7,500 ரூபாய். ஒரு கையால் கொடுத்து மறு கையால் இரண்டு மடங்காக வாங்கிக்கொண்டார். 500 பேருக்குப் பணம் வாங்கிக்கொண்டு அதைவிடக் குறைவாகத்தான் சமைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் 510 பேருக்குப் பாயசம் தீருவானேன்?

அன்று எனக்குப் புரிந்தது இதுதான். பெண்ணைப் பெற்றவன் கல்யாண மண்டபத்தில் வாய் திறக்க மாட்டான். அதை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. ஆகவே பேசவேண்டியதையெல்லாம் நமக்கு வாய் இருக்கும்போதே, அதாவது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, பேசிவிட வேண்டும். பேச வேண்டியது ரேட்டைப் பற்றி அல்ல. இலை எண்ணிக்கையைப் பற்றியும் கடைசிப் பந்தியைப் பற்றியும்.

2014-ல் இளையவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதும் மண்டபத்துச் சமையல்தான். வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு மண்டபத்துக்கு 'ராயல்டி' என்று ஒரு தொகை கட்ட வேண்டும் என்றார்கள். சமையலறைக்கும் பாத்திரத்துக்கும் தனி வாடகை வேறு. கூட்டிப் பார்த்தால் வெளி ஆள் மலிவாக இல்லை. சரி, இவரே இருக்கட்டும், ஆனால் இந்த முறை வேறு மாதிரி செய்வோம் என்றாள் மனைவி.

மண்டப மேனேஜரிடம் அட்வான்ஸ் தருவதற்கு முன் சமையல்காரரைப் பார்த்தோம். ருசி பார்க்க வாங்க என்று அழைத்தார். நான்கு கிண்ணத்தில் நாலு கரண்டி வைத்துத் தருவார்களே, அது. பத்து பேருக்குச் சமைத்தால் யார் சமையலும் நன்றாகத்தான் இருக்கும். "அது வேண்டாம், அடுத்து எந்தக் கல்யாணம் இருக்கிறது, அதில் கடைசிப் பந்திக்கு வருகிறோம்" என்றோம். ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அந்தத் தயக்கம் இல்லாமல் சரி என்பவரானால் இன்னும் நல்லது.

முன்பின் தெரியாத வீட்டுக் கல்யாணத்தில் போய் உட்காரக் கூச்சமாகத்தான் இருந்தது. பெண்ணின் அப்பா எங்களை மாப்பிள்ளை வீட்டு உறவு என்று நினைத்துக்கொண்டு, "ஏன் இவ்வளவு லேட்டா உட்கார்றீங்க?" என்று வருத்தப்பட்டு, பக்கத்தில் நின்று பாயசம் போடச் சொன்னார். பாயசம் இருந்தது, சூடாகவும் இருந்தது. எழுந்து வரும்போது மனசு கேட்காமல் 101 ரூபாய் மொய் எழுதிவிட்டு வந்தோம். அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் செய்த செலவில் இதைவிட லாபமான செலவு கிடையாது.

பிறகு எண்ணிக்கை. மூன்று வேளைக்கும் 500 இலை உறுதி வேண்டும் என்றார். வரவேற்பு இரவுச் சாப்பாடு 280, காலை டிபன் 140, மதியச் சாப்பாடு 260. ஒரு ஆளுக்கு மூன்று வேளையும் சேர்த்து 680. ஐந்நூறு பேருக்கு 3,40,000 ரூபாய். இதில் வேளைக்கு இருபது ரூபாய் அடித்துப் பேசினாலும் மிச்சம் 30,000-தான். அந்த முப்பதாயிரத்தையும் அவர் பருப்பிலும் நெய்யிலும் எடுத்துவிடுவார்.

ஆனால் மூன்று வேளையும் ஒரே கூட்டம் வருமா? வேலை நாளில் முகூர்த்தம். உள்ளூர்க்காரர்களில் பாதிப் பேர் முதல் நாள் இரவு வரவேற்புக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், மறுநாள் வரமாட்டார்கள். காலையில் வருகிறவர்கள் தாலி கட்டியதும் டிபன் சாப்பிட்டு ஆபீஸ் போய்விடுவார்கள். மதியத்துக்கு இருப்பது உறவுக்காரர்களும் ஓய்வு பெற்றவர்களும்.

இங்கே மனைவி ஒரு காரியம் செய்தாள். மூத்தவள் கல்யாணத்து மொய் நோட்டை அலமாரியிலிருந்து எடுத்தாள். பத்திரிகை கொடுத்தவர்களின் பட்டியல் நம் ஆசையைச் சொல்லும். உண்மையில் யார் வந்தார்கள் என்பதை மொய் நோட்டுதான் சொல்லும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அழைப்புப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ரா, கா, ம என்று மூன்று கட்டம் போட்டாள். இரவு, காலை, மதியம். நான்கு நாள் உட்கார்ந்து நிரப்பினோம். சம்பந்தி வீட்டிலும் அதேபோல் கேட்டு வாங்கினோம். அவர்கள் தவறாக நினைக்கவில்லை. அவர்களுக்கும் இன்னொரு பெண் இருந்தது.

வந்த கணக்கு: இரவு 450, காலை 250, மதியம் 300. அதே ரேட்டில் பார்த்தால் 1,26,000, 35,000, 78,000. மொத்தம் 2,39,000. ரேட்டில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் ஒரு லட்சத்து ஆயிரம் ரூபாய் இறங்கியது. "ரேட்டைக் குறைக்கச் சொல்லவில்லை, இந்த எண்ணுக்கு ஒத்துக்கொள்ளுங்கள், இதற்கு மேல் பத்து சதவீதம் வரை கூடினால் அதே ரேட்டில் குறையில்லாமல் போட வேண்டும்" என்றேன். இரண்டு தடவை முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். ரேட்டைப் பற்றிப் பேசாத ஆளை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார்.

அடுத்தது அயிட்டம். இருபத்தைந்து அயிட்டம் பரிமாற ஆள் போதாது. இரண்டாம் முறை சாம்பார் கேட்டால் சாம்பார் வாளி மூன்றாவது வரிசையில் இருக்கும். கோபி மஞ்சூரியனை நம் வயதுக்காரர்கள் இலையோரம் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நாங்கள் ஆறு அயிட்டத்தை எடுக்கச் சொன்னோம். அதற்குப் பணத்தைக் குறைக்கவேண்டாம், பதிலாகப் பரிமாற நான்கு ஆள் கூடுதலாக வேண்டும், எண்ணெயும் நெய்யும் காபிப்பொடியும் நாங்கள் சொல்லும் பிராண்டு வேண்டும், தயிர் கெட்டியாக வேண்டும் என்றோம். அவருக்கும் வேலை மிச்சம். கல்யாணச் சாப்பாட்டை ஊர் ஞாபகம் வைத்திருப்பது சூடான சாதம், ரசம், பாயசம், கடைசியில் ஒரு நல்ல காபி, இவற்றுக்காகத்தான்.

மூன்றாவது, இலை எண்ணுவது. இது தெரியாமல்தான் நான் 2009-ல் ஏமாந்தேன். பந்திக்கு ஆள் வருமுன்பே இலை போட்டு உப்பு, ஊறுகாய், இனிப்பு வைத்துவிடுவார்கள். ஆள் உட்காராத இலையும் கணக்கில் சேரும். ஆகவே தாளில் எழுதி வாங்கினோம்: ஆள் உட்கார்ந்து சாப்பிட்ட இலைதான் கணக்கு. பரிமாறுகிறவர்கள் சாப்பிடுவது கணக்கில் சேராது. நாதஸ்வரக்காரர்கள், போட்டோக்காரர்கள், டிரைவர்கள் சாப்பிடுவது சேரும். அவர்களுக்கும் எல்லாருக்கும் போடுவதே போட வேண்டும். ஒவ்வொரு பந்தியும் முடிந்ததும் நம் ஆளும் அவர் ஆளும் சேர்ந்து எண்ணி நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்து. என் மச்சானை அதற்கு உட்கார வைத்தோம். கல்யாணத்துக்கு வந்து மேடைப் பக்கமே போகாத ஒரே மனிதர் அவர்தான். பந்தி பரிமாறிய பையன்களுக்கு நாங்கள் கொடுக்க நினைத்ததை முதல் பந்திக்கு முன்பே நேராக அவர்கள் கையில் கொடுத்தோம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து வேலை பார்க்கிற பிள்ளைகள், யார் கொடுத்தது என்று தெரிந்தால் முகம் பார்த்துப் பரிமாறுகிறார்கள்.

கடைசியாக, பத்து சதவீதத் தொகையை மறுநாள் கணக்குப் பார்த்துத் தருவதாக முன்பே எழுதி வைத்தோம். கல்யாணத்தன்று மாலை பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை, சத்தமும் இல்லை. இரவு 470 இலை, காலை 230, மதியம் 318. உறுதி சொன்னதைவிடக் கூடியதற்கு 10,280 கூடுதலாகக் கொடுத்தோம். மொத்தம் 2,49,280. அவர் முதலில் கேட்டதற்கு இது 90,720 ரூபாய் குறைவு. காலை டிபனில் வராத இருபது பேரின் இட்லியும் பொங்கலும் நம்முடையது என்று முன்பே பேசியிருந்ததால், பாத்திரம் கொண்டுபோய் வாங்கிப் பக்கத்து முதியோர் இல்லத்துக்குச் சூடு ஆறுமுன் கொடுத்தோம். அங்கே முதல் நாளே போன் செய்து சொல்லி வைத்திருந்தோம்; சொல்லாமல் போய் இறக்கினால் அவர்கள் சமைத்தது வீணாகும்.

இப்போது பேசுகிறவர்கள் இன்னும் இரண்டைக் கேட்க வேண்டும். தண்ணீர் பாட்டில், கேஸ், சுத்தம் செய்கிற கூலி, ஜெனரேட்டர் டீசல் இவை இலை ரேட்டில் சேர்ந்ததா, தனியா என்பது ஒன்று. மற்றது பில். உணவுப் பாதுகாப்பு உரிமம் பெற்றவர் 2022 முதல் பதினான்கு இலக்க எண்ணைப் பில்லில் போட்டாக வேண்டும். வெளிச் சமையலுக்கு ஜிஎஸ்டி, பெரிய ஹோட்டல்கள் நீங்கலாக, 2019 அக்டோபரிலிருந்து 5 சதவீதம். மண்டபத்தை மட்டும் தனியாக வாடகைக்கு எடுத்தால் 18. எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். துண்டுச் சீட்டில் கணக்கு எழுதுகிறவரிடம் பின்னால் எதையும் கேட்க முடியாது.

"ஆனா சார், அவங்க ஆள்கிட்டதான் சாப்பிடணும்னு சொல்றது நியாயமா?" என்றார் நண்பர். நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றை வாங்கினால்தான் இன்னொன்று கிடைக்கும் என்று கட்டிப்போட்டு விற்பதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 கட்டுப்படுத்தும் வணிக நடைமுறைகளில் ஒன்றாகத்தான் சொல்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் பத்திரிகை அடித்துவிட்டு வழக்குப் போடுகிறவர் யார்? மண்டபத்துக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. வாரம் ஒரு புது ஆள் வந்து சாக்கடையை அடைத்து, கேஸ் குழாயை உடைத்துவிட்டுப் போனால் அவர்தான் சரிசெய்ய வேண்டும். அந்தச் சமையலறையில் வருஷக்கணக்காக வேலை பார்க்கிறவருக்குத் தண்ணீர் எங்கே நிற்கும், வாளி எந்தக் கதவு வழியாகப் போனால் சீக்கிரம் போகும் என்பது தெரியும். 2014-ல் எங்கள் சாப்பாடு நன்றாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சுத்தத்துக்காக ஒரே ஆளை வைத்தால் குற்றமில்லை. கமிஷனுக்காக வைத்துக்கொண்டு, அந்தக் கமிஷனை நம் சாம்பாரில் எடுத்தால் அதுதான் குற்றம். இரண்டில் எது என்று கடைசிப் பந்தி சொல்லிவிடும்.

அந்தக் கல்யாணத்திலும் அக்கா கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தாள். முன்னாடியே சாப்பிடு என்றால் கேட்கிறவள் இல்லை. இந்த முறை நானும் மனைவியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தோம். எதிர் வரிசையில் நாதஸ்வரக்காரர்கள். எல்லாம் வந்தது, பாயசம் இரண்டு தரம் வந்தது. எப்படி இருக்கிறது என்று அக்காவைக் கேட்டேன். "வாழைக்காயில உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள். குறை சொல்லும் அளவுக்கு இலையில் வாழைக்காய் இருந்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

நண்பர் அட்வான்ஸ் கட்டிவிட்டார். அதனால் மண்டபத்தை விடமுடியாது. ஆனால் எண்ணிக்கை இன்னும் எழுதவில்லை, சமையலுக்குப் பணம் தரவில்லை. பாதிக்கு மேல் இன்னும் அவர் கையில்தான். நேற்று போன் செய்தார். அதே மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தாராம்.

"கடைசிப் பந்திதான் சார். ரசம் சூடா இருந்துச்சு. கூட்டு மட்டும் வரலை. நாளைக்குப் போய் அதைக் கேக்கப் போறேன்."

"ரேட்டு?" என்றேன்.

"அதைக் கடைசியா கேட்டுக்கலாம்" என்றார்.